ஒரே வாயில் கொண்ட நகரம்

நுழையும்முன்

நாள்தோறும் நாம் உண்ணும் காயும் கனியும் பலர் கைமாறியே நம் இல்லத்தை வந்தடைகின்றன. அந்தக் கைகள் எத்தனை என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. 2020 ஆம் ஆண்டில் பரவிய கொரோனா பெருந்தொற்று, அவற்றை எண்ணிப் பார்க்கும் கட்டாயத்தை ஏற்படுத்தியது. சென்னையின் காய்கறி வழங்கலில் அப்போது நேர்ந்த முறிவையும், அதிலிருந்து நாம் பெறவேண்டிய படிப்பினையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

கத்தரிக்காய் வரும் வழி

சென்னையின் தென்பகுதியில், கடலை ஒட்டி அமைந்த ஊர் திருவான்மியூர். மருந்தீசுவரர் கோயிலால் பெயர்பெற்ற இவ்வூரிலிருந்துதான் கிழக்குக் கடற்கரைச் சாலை தொடங்குகிறது. அச்சாலையிலும் அதன் கிளைச்சாலைகளிலும் தெற்கே சென்றால் கோவளம், திருப்போரூர், திருக்கழுக்குன்றம், செய்யூர் எனச் செங்கல்பட்டு மாவட்டத்தின் ஊர்கள் வரிசையாக வரும். கத்தரி, வெண்டை, கீரை, தர்பூசணி ஆகியன விளையும் நிலப்பகுதி அது.

நிலப்படத்தை விரித்துப் பார்க்கும் ஒருவர், திருவான்மியூரின் அடுக்களைகளுக்கு வேண்டிய காய்கள் இச்சாலை வழியே நேரே வந்து சேரும் என்றே கருதுவார். நடைமுறை அவ்வாறில்லை. தெற்கே விளைந்த காய்களில் பெரும்பகுதி நகரைக் கடந்து வடமேற்கே உள்ள கோயம்பேட்டுக்குச் செல்கிறது. அங்கே கமிஷன் மண்டிகளில் விடியற்காலைக்கு முன்பே விலை பேசப்படுகிறது. திருவான்மியூரின் சில்லறை வியாபாரி நள்ளிரவு கடந்து எழுந்து, 'குட்டியானை' எனப்படும் சிறு சரக்கு வண்டியை மற்றவர்களுடன் பங்கிட்டுக்கொண்டு கோயம்பேட்டுக்குச் சென்று, காய்களை வாங்கிப் பொழுது விடிவதற்குள் கடைக்குத் திரும்புகிறார். நம் ஊரைக் கடந்து போன காய், நகரைச் சுற்றிவிட்டு நம் ஊருக்கே திரும்பி வருகிறது.

இதை அறியாமை என்று எள்ளிவிட முடியாது. இதற்குப் பின்னால் தெளிவான பொருளியல் கணக்கு உண்டு. ஒரு சிறு கடைக்குக் கத்தரியும் வெண்டையும் மட்டும் போதா. நாசிக்கிலிருந்து வரும் பெரிய வெங்காயம், நீலகிரியின் கேரட், மதனப்பள்ளியிலிருந்தும் கோலாரிலிருந்தும் வரும் தக்காளி, ஒட்டன்சத்திரத்து முருங்கை எனப் பலவும் வேண்டும். அவையனைத்தும் ஓரிடத்தில் கிடைத்தால்தான் ஒரே நடையில் கொள்முதலை முடிக்க இயலும். பல ஊர்ச் சரக்கும் பல ஊர் வியாபாரிகளும் ஓரிடத்தில் கூடும்போதுதான் அன்றைய வரத்துக்கும் தேவைக்கும் ஏற்ற விலையும் தெரியவரும். பெருஞ்சந்தை என்பது வீண் ஏற்பாடன்று. ஆயினும் அதன் வலிமையாகிய ஒருங்குகூடலே ஒரு காலத்தில் அதன் வலுவின்மையாகவும் மாறியது.

கொத்தவால்சாவடி முதல் கோயம்பேடு வரை

கோயம்பேட்டுக்கு முன்பு சென்னையின் காய்கறிச் சந்தையாக விளங்கியது ஜார்ஜ் டவுனில் உள்ள கொத்தவால்சாவடி. நகரம் வளர வளர அதன் குறுகிய தெருக்கள் லாரிகளையும் கூட்டத்தையும் தாங்க இயலாமல் திணறின. ஆகவே சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் கோயம்பேட்டில் ஏறத்தாழ 295 ஏக்கர் பரப்பில் புதிய வணிக வளாகத்தை அமைத்தது. 1996 ஆம் ஆண்டு காய்கறி, கனி, மலர் ஆகியவற்றின் மொத்த வணிகம் அங்கு மாறியது. மொத்த வணிகம் மீண்டும் நகரின் உட்பகுதிகளுக்குத் திரும்பாதிருக்கும்பொருட்டு, குறிப்பிட்ட பொருள்களுக்கான சந்தைகளின் அமைவிடத்தை ஒழுங்குபடுத்தும் சட்டமும் அதே ஆண்டில் இயற்றப்பட்டது.

அந்த முடிவு அன்றைய தேவைக்குப் பொருத்தமானது என்பதில் ஐயமில்லை. நெரிசல் குறைந்தது, மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகளுக்கு இடம் கிடைத்தது. எனினும், காய்கறிகள் இலட்சக்கணக்கான மக்கள் வாழும் ஒரு பெருநகருக்குள் நுழைவதற்குப் பெரும்பாலும் ஒரே வாயில்தான் என்ற நிலையும் அதனுடன் உருவாயிற்று. அந்த வாயில் திறந்திருந்த இருபத்து நான்கு ஆண்டுகளும் அதைப் பற்றி எவரும் பெரிதாகக் கவலைப்படவில்லை.

முறிந்த கண்ணிகள்

2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. காய்கறி, கனி, பால் ஆகியவை இன்றியமையாப் பொருள்கள் என்பதால் அவற்றுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. எனினும், பொருளுக்கு அளிக்கப்பட்ட விலக்கு, அப்பொருளைச் சுமக்கும் மனிதர்களுக்கு வேண்டிய அனைத்தையும் உறுதிசெய்துவிடவில்லை. லாரி ஓட்டுநருக்கு வழியில் உணவகம் இல்லை; வண்டி பழுதானால் பட்டறை இல்லை. சுமைப்பணியாளர் பலர் ஊர் திரும்பிவிட்டனர். அறுவடைக்குச் செல்லவேண்டிய தொழிலாளர்களுக்குப் பேருந்து இல்லை. வழங்கல் தொடர் என்பது பொருள்களின் வரிசை மட்டுமன்று. மனிதர்களின் வரிசையும் ஆகும். அதில் ஒரு கண்ணி அறுந்தாலும் தொடர் முழுவதும் நின்றுவிடும்.

அதே வேளையில் தேவையின் வடிவமும் மாறியது. உணவகங்கள், திருமண மண்டபங்கள், மாணவர் விடுதிகள், பழைய மாமல்லபுரம் சாலையிலுள்ள மென்பொருள் நிறுவனங்களின் உணவுக்கூடங்கள் ஆகிய அனைத்தும் மூடப்பட்டன. மூட்டை மூட்டையாக வாங்கியவர்கள் ஒரே நாளில் மறைந்தார்கள். வீடுகளின் தேவையோ கூடியது. ஆனால் அது அரைக்கிலோவும் ஒரு கிலோவுமாகச் சிதறிய தேவை. மொத்த வணிகத்துக்கென அமைந்த ஓர் ஏற்பாட்டினால் இம்மாற்றத்துக்கு உடனே ஈடுகொடுக்க முடியவில்லை.

இதன் சுமை முதலில் இறங்கியது உழவர்மீது. கோடைச் சந்தையை நம்பிப் பயிரிடப்பட்ட தர்பூசணி, பழுத்த நிலையில் வயலிலேயே கிடந்தது. திருவிழாவும் திருமணமும் நின்றதால் மதுரை, திண்டுக்கல் பகுதிகளின் மல்லிகை பறிப்பாரின்றி வாடியது. பெரிய கோயில்கள் 2020 செப்டம்பர் 1 அன்றுதான் பக்தர்களுக்காக மீண்டும் திறக்கப்பட்டன. மருந்தீசுவரர் கோயில் வாசலில் பூக்கட்டி விற்பவரும், நிலக்கோட்டையில் மல்லிகைத் தோட்டம் வைத்திருப்பவரும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். ஆனால் ஒருவரின் கூடை காலியாக இருந்தபோது, மற்றவரின் தோட்டமும் விலையின்றி நின்றது.

ஏப்ரல் 24 அன்று, சென்னை உள்ளிட்ட சில மாநகரங்களில் 26 ஆம் நாள் முதல் முழு ஊரடங்கு என்னும் அறிவிப்பு வெளியானது. இடையில் இருந்த ஒரே நாளில் மக்கள் பெருங்கூட்டமாகக் கடைகளிலும் சந்தைகளிலும் திரண்டனர். அடுத்த சில நாள்களில் கோயம்பேட்டுடன் தொடர்புடைய தொற்றுகள் அடுத்தடுத்துக் கண்டறியப்பட்டன. மே 5 அன்று சந்தை மூடப்பட்டது. காய்கறி மொத்த வணிகம் மே இரண்டாம் வாரத்தில் பெங்களூரு நெடுஞ்சாலையில் உள்ள திருமழிசைக்கும், கனி, மலர் வணிகம் மாதவரத்துக்கும் தற்காலிகமாக மாற்றப்பட்டன. திருவான்மியூர் வியாபாரி கடக்கவேண்டிய தொலைவு ஏறத்தாழ இரு மடங்காயிற்று. வண்டி வாடகையும் அதற்கேற்ப உயர்ந்தது. மழை பெய்தபோது திருமழிசையின் திறந்தவெளித் திடல் சேறாகி, காய்களும் மூட்டைகளும் நீரில் நனைந்தன. இத்துன்பம் ஏறத்தாழ ஐந்து மாதம் நீடித்தது. செப்டம்பர் 28 அன்றுதான் கோயம்பேட்டில் காய்கறி மொத்த வணிகம் மீண்டும் தொடங்கியது.

பழி யாருக்கு?

அச்சந்தையில் பணிபுரிந்தோர் கடலூர், விழுப்புரம், அரியலூர் முதலிய தம் மாவட்டங்களுக்குத் திரும்பினர். அம்மாவட்டங்களில் தொற்று எண்ணிக்கை திடீரென உயர்ந்தது. 'கோயம்பேட்டிலிருந்து வந்தவர்' என்னும் அடையாளம் அவர்களைப் பார்த்து மற்றவர் விலகி நிற்கும் வசைச்சொல்லாகவே சில நாள் வழங்கியது. ஊரடங்கின் நாற்பது நாளும் நகரத்துக்கு உணவு சேர்த்தவர்கள், அதற்குப் பரிசாகப் பெற்றது இப்பெயர்தான்.

இது நேர்மையான தீர்ப்பன்று. அதே ஆண்டு ஜூன் மாதம் சீனத் தலைநகர் பெய்ஜிங்கின் சின்ஃபாடி மொத்தச் சந்தையில் தொற்று பரவி, அச்சந்தை மூடப்பட்டது. அந்நகரின் காய்கறித் தேவையில் பெரும்பகுதியை நிறைவுசெய்த சந்தை அது. அக்டோபரில் இலங்கையின் பேலியகொடை மீன் சந்தையிலிருந்து தொற்று நாடெங்கும் பரவியது. மொழி, நாடு, ஆட்சிமுறை ஆகிய அனைத்திலும் வேறுபட்ட மூன்று நகரங்களில் நிகழ்ந்தது ஒன்றே. ஆகவே குறை மனிதர்களின் இயல்பில் இல்லை. இடத்தின் அமைப்பில் இருக்கிறது. ஆயிரக்கணக்கானோர் நெருங்கி நின்று, உரக்கக் குரல்கொடுத்து, ஒருவர் தோளிலிருந்து மற்றவர் தோளுக்குச் சுமை மாற்றி, இரவில் அதே வளாகத்தில் மூட்டைகளுக்கிடையே உறங்கும் ஓரிடத்தில் தொற்று பரவாதிருந்தால்தான் வியப்பு.

சுமைப்பணியாளர் நலம்பெற உடலுழைப்புத் தொழிலாளர்க்கான சட்டம் 1982 ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் இயற்றப்பட்டது. சட்டம் இருந்தும் அவர்களுக்குத் தனி ஓய்வறையும், போதிய குளியலறையும், நோயுற்ற நாளில் ஊதியமும் உறுதியாகக் கிடைத்திருந்தால், காய்ச்சலுடன் மூட்டை சுமக்கவேண்டிய தேவை எவருக்கும் நேர்ந்திராது. அவர்களின் உடல்நலம் நகர மக்கள் அனைவரின் உடல்நலத்தோடும் பிணைந்திருப்பதை உணர நமக்கு ஒரு பெருந்தொற்று தேவைப்பட்டது.

பால் ஏன் தடைபடவில்லை?

இங்கு ஒரு வினா எழுகிறது. தக்காளி சில நாள் தாங்கும். பால் சில மணி நேரமே தாங்கும். எனினும் 2020 இன் கடுமையான வாரங்களிலும் திருவான்மியூரின் வீடுகளுக்குக் காலைப் பால் வந்துகொண்டிருந்தது. இஃது எவ்வாறு இயன்றது?

ஆவின் அமைப்பை நோக்கினால் விடை கிடைக்கும். சிற்றூரில் உள்ள கூட்டுறவுச் சங்கம், பாலைக் குளிரூட்டும் நிலையம், பின்னர்ப் பால்பண்ணை எனப் படிப்படியாக அத்தொடர் அமைந்துள்ளது. சென்னைக்கு மாதவரம், அம்பத்தூர், சோழிங்கநல்லூர் என ஒன்றுக்கு மேற்பட்ட பால்பண்ணைகள் உள்ளன. தென்சென்னைக்கு வரும் பால் வடசென்னையைச் சுற்றிவர வேண்டியதில்லை. தேநீர்க்கடைகள் மூடப்பட்டு எஞ்சிய பாலைப் பால்பொடியாக மாற்றிச் சேமிக்கவும் வழி இருந்தது. அனைத்துக்கும் மேலாக, பால் ஊற்றும் உழவர் அக்கூட்டுறவின் உறுப்பினர். வாங்குவார் இல்லை என்று அவரைத் திருப்பி அனுப்பிவிட முடியாது.

இந்த ஒப்புமையை அளவுக்கு மீறி நீட்டுதல் கூடாது. பால் ஒரே பொருள். அதன் தரத்தைக் கருவியால் அளந்துவிடலாம். காய்கறியோ பல வகை; ஒவ்வொன்றுக்கும் தரமும் பருவமும் வேறு. பால் வழங்கலும் எல்லா இடர்களையும் தாங்கிவிடவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையை வெள்ளக்காடாக்கியபோது, பல பகுதிகளில் பால் கிடைக்காமல் மக்கள் அல்லலுற்றனர். ஆயினும், நிலையங்கள் பலவாக இருத்தல், விளைவிடத்துக்கு அருகிலேயே குளிரூட்டல், உற்பத்தியாளருக்கு உரிமைப் பங்கு ஆகிய மூன்றும் ஒரு வழங்கல் தொடரை உறுதிப்படுத்தும் என்பதைப் பால் நமக்குக் காட்டுகிறது.

முளைத்த புதிய பாதைகள்

பெருவாயில் மூடப்பட்டபோது சிறு வாயில்கள் பல திறந்தன. மாநகராட்சியும் தோட்டக்கலைத் துறையும் நடமாடும் காய்கறி வண்டிகளைத் தெருக்களுக்கு அனுப்பின. வாடகையின்றி நின்ற ஆட்டோ ஓட்டுநர்கள், அதே ஆட்டோவில் வெங்காயமும் தக்காளியும் ஏற்றி விற்றனர். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வாழ்வோர் வாட்ஸ்அப் குழுக்கள் அமைத்து உழவர்களிடம் நேரடியாக வாங்கினர். 2021 மே மாதம் முழு ஊரடங்கு மீண்டும் வந்தபோது, அரசு முன்னரே திட்டமிட்டு ஆயிரக்கணக்கான வண்டிகள் மூலம் காய்கறிகளை வீட்டு வாசலுக்குக் கொண்டுசேர்த்தது. தேசிய அளவில், 2020 ஆகஸ்ட் 7 அன்று முதல் உழவர் தொடர்வண்டி மராட்டியத்தின் தேவ்லாலியிலிருந்து பீகாரின் தானாப்பூருக்குப் புறப்பட்டது.

உழவரும் நுகர்வோரும் நேரே சந்திக்கும் எண்ணம் தமிழ்நாட்டுக்குப் புதியதன்று. 1999 ஆம் ஆண்டு மதுரையில் முதல் உழவர் சந்தை தொடங்கப்பட்டது. பெருந்தொற்று அந்தப் பழைய எண்ணத்துக்குப் புதிய தேவையைத் தந்தது.

இடர் நீங்கியதும் இப்புதிய பாதைகளுள் எவை நிலைத்தன என்பதைக் கருதிப் பார்க்கவேண்டும். செயலி வழியே காய்கறி விற்கும் பெருநிறுவனங்கள் நிலைத்தன, வளர்ந்தன. உழவரிடம் நேரே வாங்கிய குழுக்கள் பலவும் கரைந்துபோயின. செயலியின் வசதியை மறுப்பதற்கில்லை. ஆனால் திறன்பேசியும் வங்கிக் கணக்கும் உள்ளவருக்கே அந்த வசதி முழுமையாகக் கிடைக்கிறது. அன்றன்று ஈட்டி அன்றன்று வாங்கும் குப்பத்துக் குடும்பத்துக்குத் தேவை, ஒரு கூறு கத்தரிக்காயும் ஒரு கைப்பிடிக் கொத்தமல்லியும். அவற்றைத் தருபவர் தள்ளுவண்டி வியாபாரி. வாரக் கடைசியில் பணம் தருகிறேன் என்றால் நம்பிக் கொடுப்பவரும் அவரே. எந்தப் புதிய ஏற்பாடும் அவரை விலக்கிவிட்டு அமையுமானால், அது நகரத்தின் ஒரு பாதிக்கு மட்டுமே பயன்படும்.

செய்யத்தக்கன

பெருஞ்சந்தையை மூடிவிட்டுச் சிறுசந்தைகளை அமைக்கவேண்டும் என்பது என் கருத்தன்று. சந்தைகள் சிதறினால் விலை தெளிவாகத் தெரியாது. போக்குவரத்துச் செலவு கூடும். சிறு சந்தைகளில் ஓரிரு வியாபாரிகளின் கை ஓங்கிவிடவும் கூடும் என்று வணிகர்கள் கூறுவதில் உண்மை இருக்கிறது. வெங்காயம், உருளைக்கிழங்கு போன்று நெடுந்தொலைவிலிருந்து வருவனவும் பல நாள் தாங்குவனவும் பெருஞ்சந்தைக்கே வருவது முறை. ஆனால் கீரை, வெண்டை, கத்தரி, பூ போன்று அருகில் விளைந்து விரைவில் வாடுபவற்றுக்கு அந்தச் சுற்றுவழி தேவையில்லை. செங்கல்பட்டு மாவட்டத்து விளைபொருள்களுக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பகுதியில் அளவான ஒரு மொத்த விற்பனைக் களம் அமையுமானால், திருவான்மியூர், அடையாறு, வேளச்சேரி வியாபாரிகளின் நள்ளிரவுப் பயணம் குறையும். அந்தக் களம் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களின் பொறுப்பில் இருத்தல் நலம். 1996 ஆம் ஆண்டுச் சட்டத்தின் நோக்கம் நெரிசலைத் தவிர்ப்பதே ஆதலால், அதே நோக்கத்துக்காக அதில் வேண்டிய திருத்தம் செய்வது முரண்பாடாகாது.

இரண்டாவதாக, குளிர்பதன வசதி நகரத்தில் மட்டுமன்றி விளைவிடத்திலும் அமையவேண்டும். காய், கனிகளில் ஏறத்தாழ 5 முதல் 16 விழுக்காடு வரை அறுவடையின்போதும் அதற்குப் பின்னும் வீணாவதாக இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தைச் சார்ந்த நிறுவனம் 2015 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. இயல்பான காலத்து இழப்பே இவ்வளவு என்றால், இடர்க்காலத்து இழப்பை எண்ணிப் பார்க்கலாம். நான்கு நாள் காத்திருக்க ஓர் அறை இருந்தால், கேட்ட விலைக்கு விற்றாகவேண்டிய நெருக்கடி உழவருக்கு இராது.

மூன்றாவதாக, மாற்றுச் சந்தைக்கான இடங்களை இடர் வரும் முன்பே தேர்ந்து வைத்தல் வேண்டும். வடிகாலும் கழிப்பறையும் கூரையும் இல்லாத திடல் சந்தையாகாது என்பதைத் திருமழிசையின் சேறு கற்பித்தது. சென்னைக்கு இடர் தொற்றாக மட்டும் வருவதில்லை. 2015, 2023 ஆண்டுகளின் வெள்ளங்களும் சாலைகளைத் துண்டித்தன. ஒரு பாதை அடைபட்டால் மறுபாதை எது என்பது ஒவ்வொரு மண்டலத்துக்கும் எழுத்தில் இருக்கவேண்டும்.

நான்காவதாக, சுமைப்பணியாளரின் நலத்தைச் சந்தைக் கட்டமைப்பின் ஒரு பகுதியாகவே கருதவேண்டும். கடைக்குக் கூரை எவ்வளவு தேவையோ, அவ்வளவு தேவை சுமப்பவருக்கு ஓய்விடமும் மருத்துவ வசதியும்.

இவை அனைத்துக்கும் செலவு ஆகும். ஒரே வாயில் இருப்பதே சிக்கனம் என்றும், எப்போதோ வரும் இடருக்காக இரண்டாம் வாயில் எதற்கு என்றும் சிலர் கேட்கக்கூடும். அந்தச் சிக்கனத்தின் விலையை 2020 இல் நகரம் முழுவதும் சமமாகச் செலுத்தவில்லை. வாங்குவோராகிய நாம் சில வாரம் கூடுதல் விலை கொடுத்தோம். வயலில் பழத்தை உழுதுவிட்டவர் ஓராண்டின் வருவாயை இழந்தார். மூட்டை சுமந்தவர் உடல்நலத்தையும், அதனுடன் ஊரில் தம் மதிப்பையும் இழந்தார். இரண்டாம் வாயிலுக்கான செலவை அமைதியான காலத்தில் அரசும் நுகர்வோரும் பகிர்ந்துகொள்ளவில்லை எனில், அடுத்த இடரிலும் அதை உழவரும் சுமைப்பணியாளருமே செலுத்துவர்.